கடலிலை நிக்கிற கட்டையர்

மோனை,

போனிலை சொல்ல வேண்டியதை இப்பிடி இருந்து எழுதிறன். எழுத்துப் பிழை பாக்காதை. ஐஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடம் என்னை விட்டதோ, நான் அதை விட்டனோ எண்டு எனக்கே தெரியாது. போனிலை சொல்ல வெளிக்கிட்டா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும். நீ ஒண்டு கேப்பாய், நான் ஒரு பகிடி விடுவன், நீ சிரிப்பாய், பேந்து உன்ரை கப்பலுக்குச் சிக்னல் போயிடும். இந்த ஒரு விசயத்தை நான் எத்தினை வருசமாப் பகிடியாலை மூடி மூடி வைச்சிருக்கிறன். தாளிலை பகிடி விட்டா எதிரிலை இருந்து சிரிக்க ஆள் இல்லை, அதாலை ஒரு கட்டத்திலை தானா நிண்டிடும் எண்டு நம்பித்தான் பேனையை எடுத்தனான். எழுதி முடிச்சாப் போலை படம் எடுத்து அனுப்புவன். வேலை இல்லாத நேரமாப் பாத்து ஒரு இடத்திலை இருந்து வாசி. மேல்தட்டிலை நிண்டு வாசிக்காதை. கம்பியிலை சாய்ஞ்சுகொண்டும் வாசிக்காதை.

உன்ரை கலியாண அட்டை அடிக்கிறவர் இண்டைக்கும் போன் எடுத்தவர். எல்லாம் அடுக்கியாச்சாம், ஒரு சொல்லுக்காக மிசின் நிக்குதாம். "அக்கா, மாப்பிளையின்ரை தேப்பன்ரை பேருக்கு முன்னாலை அமரர் எண்டு போடுறதோ விடுறதோ?" எண்டு கேட்டார். என்ரை வாய் சும்மா இருக்குமே. "அந்த இடத்திலை ஒரு பூவைப் போட்டு விடுமன் தம்பி" எண்டன். "பூப் போடலாம் அக்கா. வாசிக்கிற சனம் பூவுக்கு என்ன அர்த்தம் எண்டு உங்களைத்தான் வந்து கேக்கும்" எண்டார். நாளைக்குச் சொல்லுறன் எண்டு வைச்சிட்டன். நேற்றும் உதைத்தான் சொன்னனான். பொம்பிளை வீட்டிலை இருந்து துளசியின்ரை தாயும் வந்திருந்தவ. நல்ல மனிசி, குத்தமாக் கேக்கேல்லை. தேத்தண்ணியை ஆத்தி ஆத்தி, "மச்சாள், எங்கடை சொந்தக்காரர் கேக்கினம், மாப்பிளையின்ரை தேப்பன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு. நாங்கள் என்னெண்டு சொல்லுறது?" எண்டா. "இருக்கிறார், வீட்டிலைதான் இல்லை" எண்டன். அவ சிரிக்கேல்லை மோனை. நானும் பிறகு சிரிக்கேல்லை.

போன லீவிலை நீயும் இதைத்தானே கேட்டனி. "அம்மா, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டுக் கலியாணத்தைக் கட்டுவம்" எண்டாய். நான் குசினிக்கை போய்த் தேங்காய் துருவினன். துருவி முடிச்ச தேங்காயைத்தான் திருப்பியும் துருவிக்கொண்டு நிண்டனான், நீ கவனிச்சனியோ தெரியாது. சிரட்டைத் தூள் விழுந்து அண்டைக்குச் சம்பல் எல்லாம் நறநறத்தது. நீ ஒண்டும் சொல்லாமல் திண்டனி. அதிலை நீ கொப்பர்தான், தேப்பனை உரிச்ச பிள்ளை.

கொப்பர் போன கதையை நீ ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாய், ஆனா நான் சொன்ன விதத்திலைதான் கேட்டிருக்கிறாய். ஆமை தள்ளின வலை, ஆனை மாதிரித் திரை, அதுக்குள்ளை தனிய நிண்டு இழுத்த மனிசன். அப்பிடி ஒண்டும் இல்லையடா. அந்தப் பின்னேரம் தேத்தண்ணி குடிச்சார். சீனி காணாது எண்டார். "உங்கடை வாயிலை வாற கதைக்குச் சீனி போட்டாலும் கசக்கும்" எண்டன். சிரிச்சுக்கொண்டு போய்ப் படகைத் தள்ளினார். அடுத்தநாள் காலமை படகை மட்டும் ஆக்கள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவை. வலை பாதி உள்ளை, பாதி வெளியாலை. தண்ணிக் கான் மூடி திறக்காமல் அப்பிடியே இருந்தது. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது. காத்தும் இல்லை, மழையும் இல்லை. அதுதான் மோனை எனக்குப் பயம். புயல் எண்டா அது ஒரு காரணம், ஏசவும் திட்டவும் ஒண்டு இருக்கும். ஒரு காரணமும் இல்லாமல் அமைதியாக் கிடந்த கடல் எப்பிடி ஒரு ஆளை எடுத்தது? நீ அப்ப நேசறிக்குப் போற பிள்ளை, சாப்பாட்டுப் பெட்டியைக் கழுத்திலை மாட்டிக்கொண்டு என்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனி. மூண்டாம் நாள் உடம்பு வரும் எண்டிச்சினம், ஏழாம் நாள் வரும் எண்டிச்சினம். வரேல்லை. பேந்து, அக்கரையிலை, இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருப்பார், அங்கத்தைச் சிறையிலை இருப்பார் எண்டிச்சினம். ஒருத்தர் அவரை மாதிரி ஒரு ஆளைக் கண்டதெண்டும் சொன்னார். எந்தக் கயித்தைத் தந்தாலும் நான் பிடிப்பன் எண்டு அந்த மனிசனுக்குத் தெரிஞ்சிருக்கு.

நீ கப்பலுக்குப் போறன் எண்டு நிண்ட நாளிலை ஊரே என்னைப் பாத்து அதிசயப்பட்டது. கடலிலை புருசனைக் குடுத்தவள், ஒரே பிள்ளையையும் கடலுக்கு விடுறாள், இவளுக்கு நெஞ்சிலை என்ன இருக்கு எண்டு. நெஞ்சிலை என்ன இருந்ததெண்டு இப்ப சொல்லுறன், சிரிக்காதை. கடலிலை எனக்கு ஒரு ஆள் நிக்கிறார் எண்டு நினைச்சனான். செத்தவர் எண்டா எங்கையோ மேலை போயிருப்பார். உயிரோடை இருக்கிறவர் எண்டா வீட்டை வந்திருப்பார். இவர் ரெண்டும் இல்லாமல் நடுவிலை நிக்கிறார், அப்ப நடுக்கடலிலைதான் நிக்கிறார். முதலிலை கழுத்தளவு தண்ணியிலை நிண்டவர். வருசம் போகப் போக நான் அவரை வளத்துப்போட்டன். நெஞ்சளவு, இடுப்பளவு. நீ கப்பல் ஏறினாப் பிறகு உலகத்திலை எந்தக் கடலும் அவருக்கு முழங்காலுக்கு மேலை இல்லை. உன்ரை கப்பல் போற இடமெல்லாம் அவர் ஒரு கால் எடுத்து வைச்சாக் காணும். புயல் எண்டு ரேடியோவிலை சொன்னா நான் சாமிக்கு முதல் அவருக்குத்தான் சொல்லுவன். "இஞ்சேருங்கோ, பிள்ளை அந்தப் பக்கமாப் போறான், கொஞ்சம் தள்ளி நிண்டு பாருங்கோ" எண்டு. அப்பிடித்தான் நான் நித்திரை கொள்ளுறனான்.

அப்பிடி இருக்கேக்கைதான் நீ அந்தப் படத்தை அனுப்பினாய். கிரேக்க நாட்டிலை ரோட்ஸ் எண்ட தீவு. துறைமுக வாசலிலை ஒரு பூதம் மாதிரி மனிசன், இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால், காலுக்கிடையாலை கப்பல் போகுது. என்ரை தலைக்கை இருந்த படத்தை எவனோ களவெடுத்துக் கீறின மாதிரி இருந்தது. இவ்வளவு வருசமா ஒருத்தருக்கும் சொல்லாமல் வைச்சிருந்தது, தலைக்கு மேலை விளக்கோடை நிக்குது. அதுக்குக் கீழை உன்ரை குரல் பதிவு. "அம்மா, இந்தப் படம் பொய். அந்தச் சிலை இருந்தது உண்மை, ஆனா இப்பிடிக் காலை அகட்டிக்கொண்டு நிக்கேல்லை. அப்பிடி நிக்கவும் ஏலாது எண்டு எங்கடை ரெண்டாம் எஞ்சினியர் சொல்லுறார். அவரின்ரை ஊர்தான் இது" எண்டு சொன்னாய். பிறகு அந்தச் சிலையின்ரை பேர் வந்த கதையைச் சொன்னாய். கொலோசஸ். நான் அதைச் சமைக்கேக்கை, கூட்டேக்கை, மீன் வெட்டேக்கை எத்தினை தரம் போட்டுக் கேட்டனான் எண்டு உனக்குத் தெரியாது. நீ எதுக்காகச் சொன்னனி எண்டு எனக்கு விளங்காமல் இல்லை. கொப்பரைப் பற்றி நேரை கேட்டா நான் தேங்காய் துருவப் போயிடுவன் எண்டு, நீ உலகத்தைச் சுத்தி வந்து கேட்டனி.

எனக்கு விளங்கின மாதிரி எழுதிறன், பிழையெண்டா உன்ரை எஞ்சினியரிட்டைக் கேட்டுத் திருத்து. இப்ப உலகத்திலை எவ்வளவு பெரிய சிலையைக் கண்டாலும் அந்தப் பேரைத்தான் சொல்லுறாங்கள். ஆனா முதலிலை அந்தச் சொல்லுக்குப் பெரிசு எண்ட அர்த்தமே இல்லையாம். அந்த எஞ்சினியரின்ரை பாசைக்கே அது சொந்தச் சொல் இல்லையாம், அவையளுக்கு முன்னம் அந்தக் கரைகளிலை இருந்த ஏதோ ஒரு சனத்தின்ரை சொல்லாம், வேர் என்னெண்டு படிச்சவங்களுக்கும் சரியாத் தெரியாதாம். ஒரு ஆளுக்குப் பதிலா நிக்கிற உருவம், அவ்வளவுதான் அதின்ரை கருத்தாம். சாண் அளவிலையும் இருக்கலாம், ஆள் அளவிலையும் இருக்கலாம். தூரம் போன ஆள் திரும்பி வராட்டி, உடம்பும் கிடைக்காட்டி, ஒரு கல்லை அவராக வைச்சுக் குழிக்கை இறக்கிறதாம். இன்னொரு ஊரிலை, ஆரெண்டு தெரியாத ஆவி வீட்டைச் சுத்தினா மண்ணாலையோ மரத்தாலையோ உருவம் செய்து, வீட்டுக்கை கூப்பிட்டு இருத்தி, எல்லாத்திலையும் ஒரு பங்கு சாப்பாடு குடுத்து, பிறகு ஆள் இல்லாக் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வாறதாம். இதைக் கேட்டு நான் மீன் வெட்டின கத்தியை வைச்சிட்டன். ஆரடா அவங்கள்? எங்கடை சனத்திலை ஆரோதான் வழி தவறி அங்கை போயிருக்க வேணும்.

பிறகு அந்தத் தீவுச் சனம் ஒரு பெரிய சண்டையிலை தப்பி, அந்தச் சந்தோசப் புளுகத்திலை சூரியனுக்கு வெண்கலத்திலை சிலை எழுப்பிச்சாம். அதையும் அந்தப் பழைய சின்னச் சொல்லாலைதான் கூப்பிட்டதாம். அது வானத்தைத் தொட்டபடியாலை, கேட்டவன் எல்லாம் அந்தச் சொல்லே பெரிசு எண்டு நினைச்சுப்போட்டானாம். கடைசியிலை ஒரு ஆளின்ரை ஆயுள் காலம்கூட அது நிக்கேல்லையாம். பூமி நடுங்க முழங்காலோடை முறிஞ்சு விழுந்ததாம். திருப்பி நிமித்தப் பயந்து சனம் அப்பிடியே விட்டதாம். விழுந்து கிடந்ததின்ரை பெருவிரலைக்கூடக் கட்டிப்பிடிக்கக் கை எட்டாதாம். முழங்காலோடை எண்டு நீ சொன்ன இடத்திலை நான் பதிவை நிப்பாட்டிப்போட்டன். என்ரை ஆளும் முழங்கால் அளவு தண்ணியிலைதானே நிக்கிறார்.

இனி நான் சொல்லப் போறதுக்கு நீ கோவிக்கப்படாது. விறாந்தையிலை தொங்குதே எங்கடை கலியாணப் படம், அதிலை கொப்பர் என்னிலும் பாக்க ஒரு சாண் உயரமா நிக்கிறார். நீ வளரேக்கை சுவரிலை கோடு கீறிக் கீறி, அப்பாவின்ரை உயரம் வரேல்லையே எண்டு அழுதிருக்கிறாய். கோயிலடியிலை கட்டையன் எண்டு பெடியள் நெளிச்ச நாளிலை, "எங்கடை அப்பா எவ்வளவு உயரம் தெரியுமோ" எண்டு சண்டை பிடிச்சு உதடு வெடிச்சு வந்தனி. கொப்பர் உயரமில்லை ராசா. என்ரை தோளுக்குத்தான் வருவார். ஸ்ரூடியோக்காரர் அவரைப் பாத்திட்டு, என்னைப் பாத்திட்டு, உள்ளை போய் ஒரு சோடாப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர். கொப்பர் அதிலை ஏறி நிண்டவர். என்ரை சீலைத் தலைப்பை இழுத்துப் பெட்டியை மறைச்சவர் அந்த ஸ்ரூடியோக்காரர். படம் எடுக்கேக்கை நான் மெல்லமாச் சொன்னன், "பெட்டியோடையே வீட்டை வாங்கோ, அடுப்படித் தட்டிலை சாமான் எடுக்க உதவும்" எண்டு. அவர் சிரிப்பை அடக்கத்தான் அந்தப் படத்திலை அப்பிடி ராசா மாதிரி முறைச்சுக்கொண்டு நிக்கிறார். ஊரிலை அவருக்குப் பேர் கட்டையர். அவர் போனாப் பிறகு அந்தப் பேரை ஒருத்தரும் உனக்கு முன்னாலை சொல்லப்படாது எண்டு நான்தான் கெஞ்சிக் கேட்டனான். நீ உதடு வெடிச்சு வந்த அண்டைக்கும் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமா இருந்தது. அவரைக் கொஞ்சம் குறைச்சாலும் முழுக்க இல்லாமல் போயிடுவார் எண்டு பயம்.

துளசிக்கு முன்னாலை நீ ஒருநாளும் பெட்டியிலை ஏறி நிக்காதை. உனக்குப் பயமெண்டாப் பயமெண்டு சொல்லு, தெரியாதெண்டாத் தெரியாதெண்டு சொல்லு. பெட்டியிலை ஏறினவனுக்கு இறங்குற நேரம்தான் கால் நடுங்கும். நான் உனக்குச் சொல்லக்கூடிய புத்தி உது ஒண்டுதான், மிச்சம் எல்லாம் சமையல்.

ஆடி அமாவாசைக் கதையையும் சொல்லிப்போட்டால் பாரம் குறையும். தேப்பன் இல்லாத பிள்ளையள் எல்லாம் அண்டைக்கு வெறும் வயித்தோடை கீரிமலைக்குப் போய் முழுகி, தர்ப்பணம் குடுத்து, வந்து மத்தியானம் காத்தோட்டிக்காயும் பொரிச்சு வைச்சு விரதம் முடிக்கும். எங்கடை ஒழுங்கையாலை அந்தப் பிள்ளையள் விடிய வெள்ளண வேட்டியோடை போகும். நான் அண்டைக்கெண்டு உனக்கு என்ன செய்தனான்? முதல்நாள் மீன் குழம்பைச் சூடாக்கி, புட்டு அவிச்சு, காலமையே உன்னை எழுப்பி இருத்தித் தீத்தினனான். பயிற்றம்புட்டோ வெள்ளைப் புட்டோ, ஆனா மீன் கட்டாயம். உனக்குப் பசிக்குதோ இல்லையோ கேக்கேல்லை. தேப்பன் இருக்கிற பிள்ளை விரதம் பிடிக்கத் தேவையில்லை. நீ தின்னுற ஒவ்வொரு வாயும் அவருக்கு உயிர் எண்டு நினைச்சனான். ஊரெல்லாம் மரக்கறி மணக்க எங்கடை வீட்டிலை மட்டும் பாரை மீன் மணக்கும். ஒருவருசம் நீ வளந்த பெடியனாப் போனாப் பிறகு, கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு, "அம்மா, என்ரை வகுப்பிலை எல்லாரும் போறாங்கள். நானும் ஒருக்காப் போகட்டே?" எண்டு கேட்டனி. "அவங்களுக்கு அப்பா இல்லை, உனக்கு அப்பா இருக்கிறார், மீனைத் தின்" எண்டன். நீ தலையைக் குனிஞ்சுகொண்டு திண்டனி. முள்ளு எடுக்காமலே திண்டனி. எனக்கு இண்டைக்கும் அந்தச் சத்தம் கேக்குது.

போன கிழமை உனக்குச் சொல்லாமல் கீரிமலைக்குப் போனனான். பஸ் இணுவிலுக்குக் கிட்ட வரேக்கை, றோட்டோரத்திலை நிக்கிற பெரிய ஆஞ்சநேயரைக் கண்டு கன்னத்திலை போட்டுக்கொண்டன். நீ சின்னனிலை அவரைக் கண்டு, "அப்பா இவ்வளவு உயரமோ?" எண்டு பஸ் முழுக்கக் கேக்கக் கத்தினது ஞாபகம் இருக்கோ? "இன்னும் கொஞ்சம் கூட" எண்டு நான் சொன்னனான். முன் சீற்றிலை இருந்த மனிசன் திரும்பிப் பாத்துச் சிரிச்சது. சுன்னாகத்திலை வெங்காய மூட்டையோடை ஏறின சனத்துக்கை நசுங்கி, ஒரு வழியாக் கேணியடியிலை போய் இறங்கினன். கடலுக்குப் பக்கத்திலை அந்த நல்ல தண்ணி ஊத்து எப்பிடி உப்பேறாமல் கிடக்குதோ தெரியாது. காலைக்கூட நனைக்கப் பயத்திலை எட்டி நிண்டனான்.

அங்கை கிரியை செய்யிற ஐயர் ஒருத்தரைப் பிடிச்சு, வேறை ஆருக்கோ கேக்கிற மாதிரிக் கேட்டன். "ஐயா, உடம்பு கிடைக்காதவைக்கு என்னெண்டு செய்யிறது?" அவர் கையிலை இருந்த தர்ப்பையைக் காட்டினார். இந்தப் புல்லாலை உருவம் கட்டி, தலைக்குத் தேங்காய் வைச்சு, அவராக நினைச்சு மந்திரம் சொல்லி எரிக்கிறது, பிறகு சாம்பலைக் கடலிலை கரைக்கிறது எண்டார். கனவருசம் கடந்தாப் பிறகு செய்யிறபடியாலை செத்தவீட்டுத் துடக்கும் கொஞ்ச நாள்தான், ஆடியிலை செய்தா ஆவணியிலை கலியாணம் வைக்கலாம் எண்டார். "தலைக்குத் தேங்காய் எண்டா எங்கடை ஆளுக்கு நல்லாப் பொருந்தும்" எண்டன். சொன்னாப் பிறகுதான் தெரிஞ்சது, எங்கடை ஆள் எண்டு வாய் விட்டிட்டன் எண்டு. ஐயர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார். நான் இவ்வளவு வருசமாக் காவிக்கொண்டு திரிஞ்ச கேள்வியைக் கேட்டன். "எரிச்சாப் பிறகு ஆள் வந்து வாசலிலை நிண்டா என்ன செய்யிறது ஐயா?"

அவர் சிரிக்காமல் சொன்னார். "அதுக்கும் கிரியை இருக்கு அம்மா. அவரை நெய்யாலை முழுக வார்த்து, புதுசாப் பிறந்த பிள்ளைக்குச் செய்யிறது எல்லாம் செய்து, திரும்பப் பேர் வைச்சு, கடைசியிலை அந்த மனிசியையே திரும்பவும் கட்டி வைக்கிறது."

"திரும்பவும் நானோ? வேறை ஆள் பாக்கேலாதோ ஐயா?" எண்டன். அப்பதான் ஐயர் வாய்விட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சன். சிரிச்சுக்கொண்டே இருந்தன். பிறகு அது சிரிப்பு இல்லை எண்டு ஐயருக்குத்தான் முதலிலை விளங்கினது. பேணியிலை தண்ணி எடுத்துத் தந்தார். எங்கடை சாத்திரம் எழுதினவங்களுக்கு என்னைப்போலை ஒருத்தி வந்து நிப்பாள் எண்டு அப்பவே தெரிஞ்சிருக்கு மோனை. வந்தாலும் வழி வைச்சிருக்கிறாங்கள், வராட்டியும் வழி வைச்சிருக்கிறாங்கள். நான்தான் ரெண்டுக்கும் நடுவிலை அந்தாளைத் தண்ணிக்கை நிறுத்தி வைச்சிருக்கிறன். ஒருநாள் ரெண்டு நாளே? கால் உளையாதே மனிசனுக்கு?

பஸ்ஸிலை திரும்பி வரேக்கை யோசிச்சன். அவர் வந்து நிப்பார் எண்ட பயம் எனக்கு இல்லை. பொட்டை அழிக்கிற பயமும் பெரிசா இல்லை. துளசி போன் எடுத்து, "மாமி, நீங்கள் பொட்டோடை நிண்டாலும் இல்லாமல் நிண்டாலும் ஆராத்தி நீங்கள்தான் எடுக்கவேணும், இல்லாட்டி நான் உள்ளை வரமாட்டன்" எண்டு சொல்லிப்போட்டாள். வாய்க்காரிதான், எனக்குச் சோடி. என்ரை பயம் அதுகள் இல்லை. அந்தப் புல்லை எரிச்ச அண்டையோடை கடல் வெறுமையாப் போயிடும். பிறகு உன்ரை கப்பல் போற கடலிலை உனக்கெண்டு ஒருத்தரும் நிக்கமாட்டினம். கலியாணம் முடிய நீ திரும்பவும் கப்பல் ஏறுவாய். இரவிலை கடல் இரைச்சல் கேட்டு நான் முழிப்பன். அப்ப ஆருக்குச் சொல்லுறது, தள்ளி நிண்டு பாருங்கோ எண்டு? இதைத்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உன்னைக் கடலுக்கு விட்டது தைரியத்தாலை எண்டு ஊர் நினைக்குது. தைரியம் இல்லை. காவலுக்கு ஆள் நிறுத்திப்போட்டு விட்டனான்.

உன்ரை எஞ்சினியரிட்டை எனக்காக ஒரு கேள்வி கேள். அந்தச் சிலை முழங்காலோடை முறிஞ்சு விழுந்தாப் பிறகு அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வாறது நிண்டதோ? இல்லைத்தானே. நீயே அங்கை போய் நங்கூரம் போட்டனிதானே. வாசலிலை ஒருத்தரும் இல்லாமலே உள்ளை போய், சாமான் இறக்கி, தேத்தண்ணி குடிச்சு, அம்மாவுக்குக் குரல் பதிவும் போட்டிட்டு வெளியாலை வந்தனிதானே. இதை எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பாக்கிறன். பகலிலை நம்பிறன். பொழுது பட்டா நம்பேலாமல் கிடக்குது. எதுக்கும் நீயும் ஒருக்கா உன்ரை வாயாலை சொல்லு. பதிவாப் போடு, நான் திருப்பித் திருப்பிக் கேக்கலாம்.

இந்தக் கடிதத்தை அனுப்பின கையோடை அட்டைக்காரருக்குப் போன் எடுப்பன். அந்தச் சொல்லைப் போடச் சொல்லுவன். அவர் எழுத்துக் கூட்டி வாசிச்சுக் காட்டினா நான் இடையிலை பகிடி விடாமல் கேட்டுக்கொண்டு நிப்பன்.

நீ ஆடி பிறக்க வந்திறங்குவாய் எண்டு சொன்னனி. தர்ப்பையை நீ உன்ரை கையாலைதான் கட்டவேணும், நான் பக்கத்திலை இருப்பன். ஒண்டே ஒண்டு, பெரிசாக் கட்டிப்போடாதை. படத்திலை இருக்கிற அளவைப் பாத்துக் கட்டாதை. என்ரை தோளளவு ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு, கையிலை தூக்கிப் பிடிக்கக்கூடியதா, சின்னனாக் கட்டு. கடைசியா ஒருக்கா அவரைச் சரியான அளவிலை பாக்க விருப்பமாக் கிடக்குது. பக்கத்திலை ஒரு பேணி தேத்தண்ணி வைப்பன். சீனி கூடப் போட்டு வைப்பன்.

அதுக்குப் பிறகு ஆடி அமாவாசை வரும். அண்டைக்கு விடிய உன்னை எழுப்புவன். வேட்டி தோய்ச்சு மடிச்சு வைச்சிருப்பன், காத்தோட்டிக்காய் முதல்நாளே வாங்கி வைச்சிருப்பன். ஒழுங்கையாலை மற்றப் பிள்ளையள் போகும், நீயும் அதுகளோடை போ. குசினிப் பக்கம் எட்டிப் பாக்காதை. அண்டைக்குக் காலமை உனக்கு நான் சாப்பாடு தரமாட்டன்.

அம்மா